மஞ்சள் சேலை அக்காவின் படம்

சாமி கும்பிடுகிறவர்களைப் படம் எடுப்பது திருட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வேலை. கண்ணை மூடியிருக்கிறவர் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறோம். அதனால் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். செருப்பை வெளியே விட்டுவிடுவேன். பிளாஷ் கிடையாது. கேமராவின் சத்தத்தை அடைத்துவிடுவேன். பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கிற நேரத்தில் கேமராவைத் தொடமாட்டேன். அவர்கள் ஜெபம் முடித்து வாசலுக்கு வந்ததும் படத்தைக் காட்டி அனுமதி கேட்பேன்; வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். பெயரும் போன் நம்பரும் மட்டும் கேட்கமாட்டேன். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்பது எனக்கு எப்படித் தேவையில்லையோ, அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. கடைசியில் அதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

பிழைப்புக்கு நான் கல்யாணப் படம் எடுக்கிறவன். சொந்த ஊர் எழுமலைப் பக்கம். வீட்டில் எல்லாருக்கும் விவசாயம்; நான் ஒருத்தன்தான் மதுரைக்கு வந்து சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்துக்கொண்டேன். நகரத்துக்குள் இருக்கிற அந்தப் பழைய மாதா கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வர நேரமாகிவிட்டது. சும்மா நிற்பானேன் என்று, தூணோரம் முழந்தாளில் நின்ற ஒரு பெரியவரை எடுத்தேன். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, நிழலைக் கனமாக்கி, பிரஷ்ஷால் இழைத்து இழைத்து, எண்ணெய் ஓவியம் போல ஆக்கினேன். அதைப் பார்த்த கோவில் ஃபாதர், "இதே மாதிரி பன்னெண்டு பண்ணிக் குடுங்க, திருவிழாவுக்கு மண்டபத்துல மாட்டுவோம்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருபது வருஷமாக, "அண்ணே, மூஞ்சிய இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்பதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்தவனை ஒருவர் ஓவியன் என்று நம்பிவிட்டார்.

பதினொரு படம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது அமையாமல் இழுத்துக்கொண்டே போனபோதுதான் அந்த அக்கா வந்தார்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கோவிலில் வேறு யாரும் இல்லை. பெஞ்சில் உட்காராமல், பீடத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மஞ்சளில் ஒரு சேலை. நெற்றியில் பெரிய வட்டமாகக் குங்குமப் பொட்டு. தாலிக்கயிற்றை இரண்டு கைக்குள்ளும் பொத்திக் கண்ணில் ஒற்றியபடி அசையாமல் இருந்தார். மேலே கலர் கண்ணாடி ஜன்னல் வழியாக இறங்கிய வெயில் சரியாக அவர் தோளில் வந்து விழுந்தது. தூணுக்குப் பின்னால் நின்று நான்கு படம் எடுத்தேன்.

அவர் எழுந்து வாசலுக்கு வந்ததும் பக்கத்தில் போனேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாம ஒரு படம் எடுத்துட்டேன். பாருங்க. வேணாம்னா அழிச்சுர்றேன்."

வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு கேமராவின் திரையைப் பார்த்தார். "நானா இது? நல்லாத்தானே தம்பி இருக்கு" என்றார். "ஆனா நான் உங்க கோவில் ஆளு இல்ல. கொட்டாம்பட்டிப் பக்கம். வீட்டுக்காரரப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. மத்தியானம் எங்களையெல்லாம் வெளிய அனுப்பிருவாக, நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாக. மீனாட்சியம்மன் கோவிலும் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்துல தொறந்திருக்கிற சாமி இதுதான்."

நானும் இந்தக் கோவில் ஆள் இல்லை என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"திங்கக்கெழம அவருக்கு நெஞ்சுல ஆபரேசன். அவரு பயமெல்லாம் அவருக்காக இல்ல தம்பி, எனக்காகத்தான். நான் இல்லேன்னா நீ ஒடஞ்சு போயிருவன்னு பொலம்பிக்கிட்டே கெடக்குறாரு. நான் தைரியமாத்தான் இருக்கேன்னு எம்புட்டுச் சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாரு. இந்தப் படத்துல ஒண்ணு எனக்குக் குடுங்க. உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி அவரு இதப் பாக்கணும். பாத்தா நம்புவாரு."

"கண்டிப்பாக் குடுக்கிறேன்க்கா. பெயிண்டிங் மாதிரியே பண்ணித் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கேயே உபதேசியாரிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்தபடி கோவிலைப் பார்த்துக்கொள்கிறவர். ஜெபம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து சாவிக்கொத்து வரைக்கும் அவர் பொறுப்பு. அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெயர் கேட்கவில்லை. நம்பரும் வாங்கவில்லை.

அந்த ஒரு படத்தோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். பின்னணியை இருட்டாக்கினேன். சேலையின் மஞ்சள் கண்ணை உறுத்தியது. அதைக் குறைத்துக் குறைத்துச் சந்தன நிறமாக்கி, அதுவும் போதாமல் பழைய தந்தத்தின் வெளுப்புக்குக் கொண்டுவந்தேன். பீடத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எப்போதும் எரியும். படத்தில் சிவப்பு என்று ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது அந்த விளக்காக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். குங்குமம் அதோடு போட்டிக்கு நின்றது. மேலும், இது சர்ச், பொட்டு இங்கே ஒட்டவில்லை என்றும் தோன்றியது. பிரஷ்ஷை எடுத்து நெற்றியின் தோல் நிறத்தைத் தொட்டுத் தொட்டு அதன் மேல் வைத்தேன். ஒரு நிமிஷ வேலை. கழுத்துக் கயிறு கைகளின் நிழலில் தானாகவே கரைந்துபோனது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அப்படியொரு அமைதி அந்த முகத்தில். இதுவரை நான் செய்ததிலேயே சிறந்த படம் இதுதான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கேன்வாஸ் படங்களை மண்டபத்தில் மாட்டி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினோம். மறுநாள் சாயங்காலப் பூசை முடிந்ததும் திறப்பதாக ஏற்பாடு. அக்காவுக்கான சின்னப் படத்தைக் கவரில் போட்டு உபதேசியாரிடம் கொடுத்து, மஞ்சள் சேலை, பெரிய பொட்டு என்று அடையாளமும் சொல்லிவிட்டு வந்தேன். பெரிய பொட்டு என்று என் வாயாலேயே சொன்னேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, பெருமை அடித்துக்கொள்வதற்காகப் போனை மனைவி முன்னால் நீட்டினேன். கை முழுக்கக் கறிக்குழம்பு, அதனால் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். இன்னொரு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம், இந்தம்மாவுக்கு வீட்டுக்காரரு எறந்து எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டாள்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். வெளுத்த சேலை. வெறும் கழுத்து. வெறும் நெற்றி. கல்யாண ஆல்பங்களில் ஆயிரம் பெண்களின் நெற்றியில் குங்குமத்தைத் தூக்கிக் காட்டிப் பிழைக்கிறவன் நான். மூன்று நாள் இந்த முகத்தின் மேல் மூக்கு உரச உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. தாலியும் பொட்டுமாகப் புருஷனுக்காக வேண்டிக்கொண்டிருந்த ஒருத்தியை என் கையாலேயே விதவையாக்கி, கவருக்குள் போட்டு, நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போகிற அந்தப் புருஷனுக்கே அனுப்பியிருக்கிறேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கை கழுவினேனா என்றுகூட நினைவில்லை.

பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு சிக்னலிலும் பைக்கை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பி, "அண்ணே, பறந்துதான் போகணும்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கோவிலில் உபதேசியார் ஏணி மேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் குடுத்த கவர் எங்க?"

"அந்தம்மா அப்பவே வாங்கிட்டுப் போயிருச்சே. நீங்க மஞ்சச் சேலன்னீங்க, இன்னைக்குப் பச்ச கட்டியிருந்துச்சு. ஆனா அந்தப் பொட்டு ஒண்ணு போதுமே, எம்புட்டுக் கூட்டத்துலயும் தெரியும்."

"பிரிச்சுப் பாத்தாங்களா?"

"இல்லையே. அவருதான் மொதல்ல பாக்கணும்னு முந்தானையில சுத்தி எடுத்துட்டுப் போச்சு."

மணி இரண்டரை. நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குள் விடுவார்கள். நடுவில் அவர் எங்கே இருப்பார், எந்த மர நிழலில் என்று எப்படித் தேடுவது? ஒரு போன் நம்பர் இருந்தால் போதும். மரியாதை என்று நினைத்து அதைத்தான் நான் கேட்காமல் விட்டிருந்தேன். முதலில் இருப்பதையாவது இறக்குவோம் என்று மண்டபத்துக்கு ஓடி, துணியை இழுத்துப் பன்னிரண்டாவது படத்தின் கம்பியில் கை வைத்தேன். பின்னாலேயே வந்த உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க? ஃபாதரக் கேக்காம எதையும் கழட்டக் கூடாது."

"அண்ணே, அந்தம்மா படத்த நல்லாப் பாருங்க."

பார்த்தார். "பொட்டு எங்க?" என்றார்.

"நாந்தான் எடுத்துட்டேன். சர்ச்சாச்சேன்னு..."

"சர்ச்சுன்னா?" அவர் குரல் உயர்ந்தது. "எங்க வீட்டம்மா முப்பது வருசமா பொட்டு வச்சுக்கிட்டுத்தான் பூசைக்கு வாரா. கிறிஸ்துவங்க பொட்டு வைக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அந்தக் கோவிலில் மாதக்கணக்காக உட்கார்ந்து மனிதர்களை எடுத்திருக்கிறேன். பொட்டு வைத்த பெண்கள் எத்தனையோ பேர் என் லென்ஸ் வழியாகவே போயிருக்கிறார்கள். விஷயத்தை முழுதாகச் சொன்னேன். ஆபரேஷன் நாளைக்கு என்றதும் அவர் என் கையை விட்டார். தானே கம்பியைக் கழற்றி, படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"பதினொண்ணு போதும். ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஓடுங்க."

ஸ்டுடியோவுக்குப் போய், கேமராவில் விழுந்தது விழுந்தபடி, ஒரு கோடுகூடத் திருத்தாமல் அந்தப் படத்தைப் பிரிண்டரில் கொடுத்தேன். அந்த இயந்திரம் எப்போதும் அந்த வேகத்தில்தான் அடிக்கும். அன்றைக்கு அதை உதைக்கலாம் போல இருந்தது. முதலில் இருட்டு வந்தது. பிறகு ஜன்னல் வெளிச்சம், வகிடு. அதன் பிறகு நெற்றி மயிரிழை மயிரிழையாக இறங்கி, நடுவில் அந்தச் சிவப்பு வட்டம் வர ஆரம்பித்தது. என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன். ஈரம் காய்வதற்குள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது நாலு அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"பேஷண்ட் பேரு?"

"தெரியாதுங்க."

"வார்டு?"

"நெஞ்சு ஆபரேசன். நாளைக்கு."

"பேரே தெரியாம யாரப் பாக்க வந்தீக? தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆளு நிக்கிறாகள்ல?"

கவரிலிருந்து படத்தை உருவி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒரே பார்வைதான். "அட, இந்தப் பெரிய பொட்டுக்காரம்மாவா? நாலு மணிக்கே மொத ஆளா மேல போச்சு. மூணாவது மாடி" என்று வழி விட்டார். படிகளை இரண்டு இரண்டாக ஏறினேன்.

வார்டில் அக்கா இல்லை. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒல்லியாக ஒருவர் மார்பை மழித்து, நாளைக்குத் தயாராகப் படுத்திருந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த பெரிய கைகள். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் என் ஸ்டுடியோ முத்திரை குத்திய கவர் கிடந்தது. பிரிந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

"அண்ணே" என்றேன். "நாந்தாண்ணே அந்தப் படம் எடுத்தவன்."

கண்ணைத் திறந்து என்னை நிதானமாகப் பார்த்தார். கை தலையணைக்கு அடியில் போய் அங்கேயே நின்றது.

"அவ ஏதோ சீட்டு வாங்கக் கீழ போயிருக்கா. இன்னும் அந்தப் படத்தப் பாக்கல, நான் காட்டல. அவ வாரதுக்குள்ள ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லுங்க."

"கேளுங்கண்ணே."

"பொட்ட அழிச்சுட்டா அவ அங்க போயி உக்காந்திருந்தா?"

அவரே பேசினார். "டாக்டரு அவகிட்ட என்னமோ சொல்லியிருக்காரு. எங்கிட்ட மறைக்கிறா. நான் போயிருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் யாருக்கும் தெரியாத எடத்துல போயி, இப்பவே இருந்து பழகிப் பாக்குறா. இல்லையா? வெள்ளச் சேல எங்க வாங்குனான்னுதான் தெரியல."

சத்தமே இல்லாமல், கணக்குப் பார்த்து முடித்தவர் போலச் சொன்னார். ஒரு மனிதர் நாளைக்குக் கத்திக்குக் கீழே இந்த எண்ணத்தோடு போய்ப் படுக்க இருந்தார். அதை அவருக்குக் கொடுத்தவன் நான்.

"இல்லண்ணே" என்றேன். "அக்கா எதையும் அழிக்கல. நாந்தான் அழிச்சேன். கம்ப்யூட்டர்ல. இந்தாங்க, இதுதான் நெசமான படம்."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய பெருவிரல் படத்தின் நெற்றிக்குப் போய், பொட்டை ஒரு முறை தேய்த்துப் பார்த்தது. அது வரவில்லை என்றதும் விரலை எடுத்தார். "இந்தச் சேல போன பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது" என்றார். கண் கலங்கிவிட்டது. பிறகு, "ஏந் தம்பி அழிச்சீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. விளக்கு, சிவப்பு, நிறப் பொருத்தம் என்று வரிசையாக இருந்தது. அந்தக் கட்டிலுக்கு முன்னால் அது ஒன்றும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"எனக்கு மூணு வயசுல எங்கப்பா எறந்துட்டாருண்ணே. எங்கம்மா நெத்தியில பொட்டப் பாத்ததா எனக்கு ஞாபகமே இல்ல. கும்பிடுற மொகம்னா எனக்கு அந்த மொகந்தான்."

சொல்லி முடிக்கும்வரை அது எனக்கே தெரியாது. நெற்றியை வெறுமையாக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது ஏன் அவ்வளவு அமைதியாகத் தெரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. யாரோ ஒருவரின் மனைவியை எடுத்து, மூன்று நாள் பாடுபட்டு, என் அம்மாவாக ஆக்கியிருந்தேன்.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத அவ கண்ணுல காட்டாமக் கொண்டு போயிருங்க. சட்டைக்குள்ள வைங்க, வெரசா. வாரா."

பட்டனைப் போட்டு முடிப்பதற்குள் அக்கா வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. புருஷன் கையில் இருந்த படத்தை எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் சுருங்கியது.

"ஏந் தம்பி, பெயிண்டிங் மாதிரி பண்ணித் தாரேன்னீங்க? இது சும்மா போட்டாவாட்டம்ல இருக்கு?"

"இதான் நல்லாருக்கு, நீ பேசாம இரு" என்றார் அவர். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ சொன்னது நெசந்தான். தைரியமாத்தான் இருக்க" என்றார்.

மறுநாள் எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. வேறு ஆளை அனுப்பிவிட்டு, காலை எட்டு மணிக்கே ஆபரேஷன் தியேட்டர் இருந்த மாடிக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று அக்கா கேட்கவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அதே மஞ்சள் சேலை. வீட்டுக்காரரே கட்டச் சொன்னாராம். மணி பத்தானது, பன்னிரண்டானது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து, வேறு யாரையோ கூப்பிட்டதும் உட்கார்ந்தோம். காற்று துளிகூட இல்லை. அக்காவின் நெற்றியில் வேர்வை துளிர்த்துக் குங்குமம் கரைய ஆரம்பித்தது. முதலில் ஒரு கோடு புருவத்துக்கு இறங்கியது. இன்னொன்று மூக்கின் மேல் வந்தது. நான் கதவைப் பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முந்தானையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"தொடைக்காதீங்கக்கா!"

கத்திவிட்டேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா திகைத்துப்போய், கையை அந்தரத்தில் நிறுத்தியபடி என்னைப் பார்த்தார்.

"ஏந் தம்பி?"

என்ன சொல்வது? அவருக்கு அந்தப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. "ஒண்ணுமில்லக்கா" என்றேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, முந்தானையை மடியில் போட்டுவிட்டார். குங்குமம் கண்ணோரம் இறங்கி எரிந்திருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் முகத்தைத் தொடவே இல்லை.

இரண்டு மணிக்கு மேல் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் வெளியே வந்து, கொட்டாம்பட்டிக்காரர் வீட்டு ஆட்கள் யார் என்று கேட்டார். அக்கா எழுந்து ஓடினார். நான் தள்ளியே நின்றேன். நர்ஸ் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் முதுகுதான் தெரிந்தது. முந்தானையை இரண்டு கையாலும் வாரி எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்க, முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் திரும்பினார். முந்தானையெல்லாம் சிவப்பு. நெற்றியில் ஒன்றுமே இல்லை.

"தம்பி, பொழைச்சுட்டாரு!" என்றார்.